தண்ணீர் இல்லாத இடம்

தேங்காய் பையிலேயே இருக்கட்டுங்க. வெயில் கொஞ்சம் இறங்கட்டும். மோர் குடியுங்க. நானே கரைத்தது, உப்பு சரியாக இருக்கிறதா தெரியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. என் சம்சாரம் வள்ளியாத்தாள் காலையில்தான் உடுமலைக்குப் போனாள், மகள் வீட்டுக்கு. இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவாள். சேலைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மகள் வீட்டில் துவைக்கிற மிஷின் இருக்கிறது, அதற்காக இருக்கும்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லைங்க. கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் உங்களிடம் விஷயத்தைச் சொல்லாமல் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டால் தப்பு. நீரோட்டம் பார்க்க வேண்டும் என்று போனில் சொன்னேன். அது முழுக்க உண்மையில்லை. பொய்யும் இல்லை. சொல்கிறேன்.

இந்த நாலரை ஏக்கரில் எட்டு போர் போட்டிருக்கிறேன். வரும்போது பார்த்திருப்பீர்கள், மூடி போட்ட குழாய்கள் அங்கங்கே முழங்கால் உயரத்துக்கு நிற்கும். ஐந்தாவதில் மட்டும் ஒரு வருடம் தண்ணீர் வந்தது. மற்றது எல்லாம் மாவு. போர் வண்டி ஓட்டும்போது தண்ணீர் இருந்தால் சேறாக வரும், இல்லாவிட்டால் கல் மாவாகப் பறக்கும், உங்களுக்குத் தெரியாததா. ஒவ்வொன்றுக்கும் உங்களை மாதிரி ஒருவர் வந்து உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்த்துத்தான் கல் நட்டார். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. கைக்கு வந்ததைச் சொன்னார்கள்.

என் பையன் பூபதி பல்கலைக்கழகத்தில் படித்தான். பண்ணை வணிக மேலாண்மை. பேரைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் எட்டாவது வரைதான். வெள்ளாமை செய்கிறவனுக்குக் கணக்குத் தெரிந்தால் போதும், மற்றதைப் பூமி சொல்லிக்கொடுக்கும் என்று நினைக்கிறவன். கடைசி வருடம் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பண்ணையை எடுத்து அதற்குத் திட்டம் போட வேண்டுமாம். மற்றவர்கள் பால் பண்ணை, நாட்டுக்கோழி என்று தேடிக்கொண்டு போனார்கள். இவன் நம் தோட்டத்தையே எடுத்தான். தைப் பொங்கலுக்கு வந்தவன் டேப்பைப் பிடித்து வேலியை அளந்தான். மரத்தை எண்ணினான்.

"அப்பா, இதில எத்தனை மரம் காய்க்குது?"

"எல்லாம் காய்க்கும். தண்ணி மட்டும் வரட்டும்."

"வந்தா காய்க்கும்ங்கறதைக் கணக்கில சேர்க்க முடியாதுங்கப்பா."

"ஏன் முடியாது? ஓரமா எழுதி வெச்சுக்க."

சிரித்தான். அவன் சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிப்பான், அவங்க அம்மா மாதிரி.

என் மச்சினன் வந்திருந்த அன்று எல்லாரையும் உட்கார வைத்துத் திட்டத்தைப் படித்தான். தென்னையை எடுத்துவிட வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதைக்க வேண்டும். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே செம்மறி ஆடு. மழைத் தண்ணீர் மட்டும் போதும், மோட்டார் வேண்டாம். இவ்வளவுதான் திட்டம். எங்கள் பாட்டன் காலத்தில் இந்தக் காடு அப்படித்தான் கிடந்தது, கொரங்காடு என்போம், மேய்ச்சல் நிலம். அதை உடைத்து மண் கொட்டித் தென்னை வைத்தவர் என் அப்பா. அதைத் திரும்பவும் புல்லாக்கச் சொல்வதற்கு நாலு வருடப் படிப்பா?

மச்சினன், "மாமா, பையன் ஆட்டுப் பட்டமே வாங்கிட்டு வந்திருவான் போலிருக்குது, கழுத்தில மணி கட்டிக் கொடுப்பாங்களா மாப்ளே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூபதியும் சிரித்தான். சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "போட்டது ஏழும் போனதாவே இருக்கட்டும்ங்கப்பா. எட்டாவது மட்டும் வேண்டாம்" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமையே போர் வண்டி வந்தது. வண்டிக்காரர்கள் வேறு மாநிலத்தில் வேலையாகப் போகிறார்கள், இப்போது விட்டால் மாசிக்குப் பிறகுதான் என்றார்கள். அதனால் கூப்பிட்டேன். அதற்கும் அவன் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை.

காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டி ஓடியது. ஆயிரத்து நூறு அடி. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மாவு பறந்து வாழையிலை, மாட்டுக் கொட்டகை, துணிக்கொடி எல்லாம் வெள்ளை. பூபதி கடைசிவரை நகராமல் பக்கத்திலேயே நின்றான். தலை, புருவம், மீசை எல்லாம் நரைத்து, என் வயசுக்கு வந்தவன் மாதிரி நின்றான். ஒரு கணம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வண்டி போன பிறகு நான் கொட்டகைக்கு வந்து மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தேன். அவன் தனியாக அந்தப் போர் குழிக்குப் போனான். மூடியை எடுத்தான். மண்டி போட்டு உட்கார்ந்து, வாயைக் குழாய்க்குள் வைத்து, என்னவோ சொன்னான். ஒரு வார்த்தை இல்லைங்க. கொஞ்ச நேரம் சொன்னான். நிறுத்தி, திரும்பவும் சொன்னான். பிறகு மூடியைப் போட்டுவிட்டு வந்து பைக்கை எடுத்தான். மறுநாள் காலேஜில் அந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்களாம். "தலையையாவது கழுவீட்டுப் போடா" என்றாள் அவங்க அம்மா. "ஹாஸ்டல்ல குளிச்சுக்கறன்" என்றான்.

பைபாஸில் ஒரு லாரி. அதை நான் யாரிடமும் விவரித்துச் சொல்வதில்லை. தலையில் அந்த மாவோடுதான் கொண்டுவந்தார்கள்.

மோர் இன்னும் இருக்கிறது, ஊற்றட்டுமா? வேண்டாமா. சரி.

கருமாதி எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மாடு கட்டப் போனேன். எட்டாவது போர் மூச்சு விட்டது. பயப்படாதீங்க, தண்ணீர் இல்லாத போர் எல்லாமே மூச்சு விடும். காலையில் உள்ளே இழுக்கும், நாலு மணி வாக்கில் வெளியே விடும். மூடியில் வயர் போக ஒரு ஓட்டை இருக்கும், அதில் விரலை வைத்தால் தெரியும். மற்றது எல்லாம் வெறும் காற்று. எட்டாவதில் மட்டும் உள்ளே ஒரு குரல் இருந்தது. மனுஷக் குரல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கம் இருந்தது. சொல்லும், நிறுத்தும், திரும்பவும் சொல்லும். அவன் சொன்ன மாதிரியே.

அப்போதுதான் எனக்குப் பட்டது. அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவே இல்லையே. கொட்டகை தள்ளி இருந்தது.

தினமும் சாயங்காலம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து காதை வைத்தேன். வெயில், தூறல் எதுவும் பார்க்கவில்லை. வள்ளியாத்தாள் ஒருநாள் காப்பித் தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "அவன் என்ன சொன்னான்னு இந்த ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் கேக்குல" என்றாள்.

அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள். கொட்டகையில் நின்ற எனக்கே கேட்காதது அடுப்படிக்கு எப்படிக் கேட்கும்? நீங்களே சொல்லுங்க.

சத்தம் கேட்டதே தவிர அர்த்தம் பிடிபடவில்லை. யோசித்துப் பார்த்தேன். மறுநாள் பரீட்சை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டிருந்த பையன். பாடத்தில் வருகிற வார்த்தையாக இருக்கும். எட்டாவது படித்தவன் காதுக்கு அது எப்படிப் புரியும்? அதனால் நானே படிக்கச் சேர்ந்துவிட்டேன். அதே பல்கலைக்கழகத்தில் விவசாயிகளுக்கு ஒரு வருடப் படிப்பு நடத்துகிறார்கள், சனிக்கிழமை மட்டும் வகுப்பு. ஆபீஸில் இருந்த பிள்ளை, "யாருக்குங்கய்யா, பேரனுக்கா?" என்றாள். "எனக்குத்தாங்க" என்று சொல்வதற்குள் வேர்த்துவிட்டது.

பண்ணை வணிக மேலாண்மையை மங்கையர்க்கரசி மேடம் எடுத்தார். பூபதிக்கும் அவர்தான் எடுத்தவராம். நல்ல மாதிரி. நான் முதல் பெஞ்சில் சுவரோரம் உட்காருவேன். பக்கத்தில் குப்புராசு என்று ஒரு கோழிப்பண்ணைக்காரர், நாற்பது வயசு இருக்கும். "பெரியப்பா, மேடம் தும்மினாக்கூட எழுதிக்கறீங்களே. பரீட்சையில உங்க பக்கத்தில எனக்கொரு எடம் போட்டு வெயுங்க" என்பார். பரீட்சையிலும் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். என் எழுத்து அவருக்குப் படிக்க வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் புது வார்த்தைகள் கிடைக்கும். வாய்ப்புச் செலவு. இறுதிநிலை வருவாய். நிலைச் செலவு, மாறும் செலவு. பஸ்ஸில் திரும்பி வரும்போது மனப்பாடம் செய்துகொண்டே வருவேன். மறுநாள் சாயங்காலம் குழியின் பக்கத்தில் உட்கார்ந்து, அது மூச்சு விடும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். அளவு பொருந்த வேண்டுமே. எதுவும் பொருந்தவில்லை. ஒன்று நீளமாக இருக்கும், இல்லாவிட்டால் நிறுத்துகிற இடம் தப்பும்.

ஒருநாள் துணிந்து மேடத்திடமே கேட்டேன். எல்லாரும் சாப்பிடப் போன நேரம். "மேடம், பூபதி கடைசியா என்ன சொல்லியிருப்பான்?"

அவருக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வரவில்லை. "அவன் சொல்ல நினைச்சதெல்லாம் அந்தத் திட்டத்திலயே இருக்குதுங்கய்யா. நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். எழுதினதை நான் கேக்குலீங்க. சொன்னதைக் கேக்கறேன்."

போரின் மூச்சைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. காற்றழுத்தம் என்றார். வெளியே அழுத்தம் குறைகிற நேரத்தில் உள்ளே இருக்கிற காற்று மேலே வரும், கூடுகிற நேரத்தில் உள்ளே போகும் என்று படம் போட்டு விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. காற்று இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? நாம் பேசுவதும் காற்றால்தானே.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பையனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பனிடம் எப்படிக் காது கேட்கிற மாதிரி பேசுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லியிருக்கலாம். குழியிடம் போய்ச் சொன்னான். அது எந்த ஊர் மேலாண்மை?

சரி, அதை விடுங்க. ஒரு பாடம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. கைவிட்டுப் போன செலவு என்று ஒரு பாடம். எது போய் இனித் திரும்பி வராதோ, அதை அடுத்த முடிவு எடுக்கும்போது கணக்கில் சேர்க்கவே கூடாது. மேடம் உதாரணம் சொன்னார். "ஒருத்தர் ஏழு போர் போட்டுத் தண்ணி வரலைன்னா, ஏழு போட்டுட்டமேன்னு எட்டாவது…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். குப்புராசு காலால் என் காலை மெதுவாகத் தொட்டார், பாவம், ஆறுதலுக்கு.

நான் கை தூக்கினேன். அந்த வருடத்தில் நான் கை தூக்கியது அந்த ஒரு தடவைதான்.

"மேடம், அப்ப அந்த ஏழையும் கணக்கில சேர்க்கவே கூடாது. சரிங்களா?"

"சரிதாங்கய்யா."

"அப்ப அடுத்ததா எது போட்டாலும் அது முதல் போர் மாதிரிதான்."

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நான் சொன்னது அது இல்லீங்கய்யா" என்று ஆரம்பித்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார். அவர் சரி என்று சொன்னதை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். பரீட்சையில் அந்தக் கேள்விதான் வந்தது. மேடம் சொன்னபடிதான் எழுதினேன், இருபதுக்குப் பதினெட்டு போட்டிருந்தார்.

இந்த ஐப்பசியில் மழை கொட்டியது உங்களுக்கும் தெரியும். பதினைந்து வருடத்தில் இப்படிப் பெய்ததில்லை. ஓடை நிரம்பி, குட்டை நிரம்பி, ஒருநாள் காலை எட்டாவது போரின் மூடியை எடுத்துக் கல்லைப் போட்டேன். சத்தம் உடனே வந்தது. டொப் என்று. ஆயிரத்து நூறு அடிக் குழி, கை நீட்டினால் எட்டுகிற மாதிரித் தண்ணீர். மற்ற போர்களிலும் அப்படியே. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க செயிச்சுட்டீங்க" என்றான்.

அன்று சாயங்காலம் நான் போய் உட்கார்ந்தேன். மூச்சு இல்லை. மறுநாளும் இல்லை. தண்ணீர் ஏறிய குழியில் காற்றுக்கு எங்கே இடம்?

வள்ளியாத்தாள் அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு மறுசோறு போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இனி அந்தக் குழி பேசாது. நாமளாவது பேசலாமா?" என்று கேட்டாள்.

என்ன பேச? "பேசலாம்" என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒன்பதாவது போர் பற்றிப் போன வாரம் சொன்னேன். "தண்ணி அத்தனை குழியிலும் நிக்குது. இன்னும் எதுக்கு?" என்றாள். எதற்கு என்று சொன்னேன். சத்தம் போடவில்லை. "இன்னொரு குழி விழுந்தா நான் இங்கே இருக்க மாட்டேன். புள்ளையைக் குடுத்தாச்சு, இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லை" என்றாள். கோபத்தில் சொல்வதுதானே. இன்று காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருக்கும். பூபதியின் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, உடுமலையில் நல்ல கடை இருக்கிறது, மாற்றிக்கொண்டு வருவாள்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்குத் தண்ணீர் வேண்டாங்க. தண்ணீர் இல்லாத இடம் வேண்டும். பூமிக்குள் காற்றெல்லாம் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அவன் சொன்னது கீழே எங்கேயாவது தங்கித்தான் இருக்கும். காய்ந்த குழி ஒன்று இருந்தால் அது வழியாக மேலே வந்துவிடும். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அந்த இடத்தைக் காட்டத்தான் உங்களை எல்லாரும் கூப்பிடுவார்கள். எங்கே எழாமல் படுத்தே கிடக்கிறதோ, அந்த இடத்தை எனக்குக் காட்டுங்க. உங்கள் கைக்கு இதில் ஒரு குறையும் வராது. அதே வேலைதான்.

இப்படி யாரும் கேட்டதில்லை என்கிறீர்களா. இருக்கலாம். வாங்க, வெயில் இறங்கிவிட்டது. நடந்துகொண்டே பார்ப்போம்.

முதலில் இந்த மேட்டிலிருந்து ஆரம்பியுங்க. எழுந்துவிட்டதா. பாருங்க, குடுமி நேராக நிற்கிறது. சரி, வடக்கே வாங்க. இதுதான் எட்டாவது. இங்கே வேண்டாம், தாண்டி வாங்க, தாண்டி வாங்க. இந்தப் பாறை மேல்? பாறையிலுமா? வேலியோரம் வாங்க. கிணற்று மேடு. இது எங்கள் அப்பா வைத்த முதல் வரிசை, மட்டை மட்டும்தான் மிச்சம், இங்கேயாவது… எழுந்துவிட்டது. மெதுவாக நடங்க, கால் இடறும். எல்லா இடத்திலும் எழுகிறது. மழைக்குப் பிறகு, உங்களுக்கு முன்னே வந்த இரண்டு பேருக்கும் இதே மாதிரிதான். அவர்களிடம் விஷயத்தைச் சொல்லவில்லை, சந்தோஷமாகப் போய்விட்டார்கள்.

நின்றீர்களே ஏன்? வாசலுக்கு வந்துவிட்டோம், அதனாலா? உள்ளே வாங்க. செருப்போடே வாங்க, பரவாயில்லை. கூடத்தில் பாருங்க. லேசாக எழுகிறது, இல்லையா. இந்த அறை பூபதியுடையது. இங்கேயும். அடுப்படிக்கு வாங்க, தலை குனிந்து வாங்க, நிலை தணிவு.

அசையாதீங்க.

படுத்தே கிடக்கிறது. திரும்ப வைத்துப் பாருங்க. கையை நன்றாக நீட்டுங்க. ஆமாம். அம்மிக்குப் பக்கத்தில். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில். இந்த நாலரை ஏக்கரில் இந்த ஓர் இடம்.

வண்டி உள்ளே வராது என்று பார்க்கிறீர்கள். இந்தச் சுவரையும் கூடத்துச் சுவரையும் எடுத்தால் வரும். கூரை ஓடுகளைப் பிரித்தாக வேண்டும். வீட்டை எப்படி இடிப்பது என்கிறீர்களா? மேடம் தேய்மானம் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். ஒரு கட்டடத்துக்கு இத்தனை வருட ஆயுள் என்று வைத்து, வருடா வருடம் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இந்த வீட்டை நான் போட்டுப் பார்த்துவிட்டேன். அது எப்போதோ தீர்ந்துவிட்டது. கணக்குப்படி இங்கே வீடே இல்லை. இல்லாததை இடிக்க என்ன யோசனை?

வள்ளியாத்தாளா? அவள் வந்தால் கொட்டகையை ஒதுக்கி அடுப்பு வைத்துக்கொடுக்கிறேன். அவளுக்கும் காற்றோட்டமாக இருக்கும்.

ஏங்க தேங்காயைப் பைக்குள் போடுகிறீர்கள்? ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றால் எப்படி? சரி, உங்கள் இஷ்டம். போவதற்கு முன்னால் ஒரு கை பிடியுங்க. இந்த அம்மியை மட்டும் அந்தப் பக்கம் நகர்த்திவிடலாம், ஒற்றை ஆளுக்கு எழாது. காலைப் பார்த்துக்கொள்ளுங்க. அவ்வளவுதான்.

நான் பிடிவாதக்காரன் இல்லைங்க. யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நம்பாதீங்க. அவன் என்ன சொன்னான் என்று ஒரே ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். என்ன சொல்லியிருந்தாலும் சரி, எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவன் சொன்னபடியே செய்துவிடுவேன்.